ஒரு சாண் புட்டி, ஏழு வாசனை

கல்யாணமான இந்தப் பத்தொன்பது வருஷத்தில் ஒரே ஒரு பண்டத்தையாவது பங்கு போடாமல் தானே அனுபவித்துவிடுவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் முடிவு செய்தார்.

பண்டம் ஒரு சாண் உயரப் புட்டி. உள்ளே வெள்ளை ஒயின். வெள்ளை என்று பேர்தானே தவிர, நிறம் சாயங்கால வெயில் மாதிரி. கப்பலில் சமையல் செய்யும் வாடிக்கையாளர் ஒருவர், புதுக் கண்ணாடி போட்டதிலிருந்து உப்பு எது, சர்க்கரை எது என்று தெரிகிறது என்ற சந்தோஷத்தில் கொடுத்துவிட்டுப் போனது. போகும்போது பாடமும் எடுத்தார்.

"சாப்பாட்டுக்கு அப்புறம் குடிக்கிற இனிப்பு ஒயின் சார் இது. நல்லா குளிர வைங்க. அவசரப்பட்டு வாயில ஊத்திடாதீங்க. கண்ணை மூடிக்கிட்டு மோந்து பாருங்க. ஒண்ணு பின்னாடி ஒண்ணா வாசனை வந்துக்கிட்டே இருக்கும். எல்லாம் வந்த அப்புறம் ஒரு வாய் குடிங்க. ஆள் இங்க இருக்க மாட்டீங்க."

ஆள் இங்கே இல்லாமல் போகிற யோசனை கண்ணாடிக்காரருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. மூன்று நாள், கண் சோதிக்கிற எழுத்துப் பலகைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே கனவு கண்டார். வந்தவர்கள் எழுத்தைத் தப்பாகப் படித்தாலும் "அழகு, அழகு" என்றார்.

ஒரே சிக்கல், மனைவி. அவளுக்கு மருந்துக்கடையில் வேலை. எதையும் சொட்டு பிசகாமல் அளந்து ஊற்றுகிற கை. வீட்டில் மட்டும் அவர் பங்கு ஏனோ குறைந்தே விழும். அன்றைக்கு அக்கா வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவள், ஜலதோஷம் என்று தங்கிவிட்டாள். ஃப்ரிட்ஜில் முட்டைக்கோசுக்குப் பின்னாலிருந்து புட்டியை உருவிக்கொண்டு திரும்பினால், எதிரே அவள்.

"என்னங்க அது?"

"ஒயின். உனக்குப் பிடிக்காது. அழுகின திராட்சையில பண்றது."

"நிஜமாவா?"

"ஆமா. கொடியிலயே பூஞ்சை பிடிச்சு, சுருங்கி, பார்க்கச் சகிக்காம ஆன அப்புறம்தான் பறிப்பாங்களாம்."

"இந்த வீட்டுல அழுகப்போற பழத்தையெல்லாம் யார் சாப்பிடறா? நான்தானே. பழகிப்போச்சு. ஊத்துங்க."

முதல் அம்பு முறிந்தது. இரண்டாவதை எடுத்தார்.

"ஊத்தலாம். ஆனா இதுக்குன்னு ஒரு முறை இருக்கு. என்ன வாசனைன்னு சொல்லத் தெரிஞ்சவங்கதான் குடிக்கலாம். மணம் தெரியாதவங்களுக்கு இது வெறும் சர்க்கரைத் தண்ணி."

"உங்களை மணந்தவளுக்கு மணம் தெரியாதா?" என்றபடி, அவர் கொஞ்சம் ஊற்றிய கோப்பைக்குள் மூக்கை விட்டாள். இழுத்தாள். தும்மினாள். "ஒண்ணும் தெரியலைங்க. அடைச்சிருக்கு."

முகத்தை வருத்தமாக வைத்துக்கொள்ள அவர் மிகவும் பாடுபட வேண்டியிருந்தது.

"போகட்டும், நீங்களே சொல்லுங்க" என்றாள். "ஆனா நீங்க சொல்றது சரியா தப்பான்னு யார் பார்க்கறது?"

"எதுக்குப் பார்க்கணும்?"

"உங்க கடையில எழுத்தைப் படிக்கிறவரே 'சரியாப் படிச்சுட்டேன்'னு சொல்லிக்கிட்டா விட்டுடுவீங்களா?"

தொழில் தர்மம் குறுக்கே வந்து நின்றது. "விட மாட்டேன்" என்று ஒப்புக்கொண்டார்.

"அப்ப நீங்க படிங்க, நான் சரிபார்க்கறேன். எனக்கு மூக்குதான் அடைச்சிருக்கு. நாக்கு நல்லாத்தான் இருக்கு."

வீட்டில் உடையாமல் மிஞ்சியிருந்த தண்டுக் கோப்பை ஒன்றே ஒன்று. ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள். திரைச்சீலை மூச்சு விடுவதுபோல் உப்பித் தணிந்தது. அவர் கண்ணை மூடி, கோப்பையை மூக்கருகே கொண்டுபோனார்.

"தேன்" என்றார். குரல் அவருக்கே புதிதாக இருந்தது. "பழைய தேன். ஜாடி அடியில கெட்டியா நிக்குமே, அது."

கோப்பை அவர் விரலிலிருந்து மெல்லக் கழன்று போயிற்று. ஒரு சின்ன சத்தம். திரும்ப வந்தது.

"சரிதான். அடுத்தது?"

"ஆரஞ்சுத் தோல். வெயில்ல காய வச்சது."

போயிற்று. வந்தது.

"சரிதான். கண்ணைத் திறக்காதீங்க, வாசனை கலைஞ்சிடும்."

அவ்வளவு கரிசனமாக அவள் பேசி நாளாயிற்று. அவர் இன்னும் ஆழமாக இறங்கினார். உருகின மெழுகுவத்தி வந்தது. உலர்ந்த திராட்சை வந்தது. நடுவே எங்கோ ஓர் ஓடை களகளவென்று பாய்கிற சத்தம்கூடக் கேட்டது. அதுவும் ஒயினின் குணம் என்றே எண்ணிக்கொண்டார். மழைக்கு முந்தின காற்று வந்தது. ஒவ்வொன்றையும் அவர் நுகர்ந்தார். நுகர்வோர் அவள்.

ஆறாவது வாசனை வந்ததும் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"என்னங்க?"

"நீ முதல் முதல்ல கடைக்குக் கண் காட்ட வந்த அன்னிக்கு... நனைஞ்ச குடையை மடக்கி மூலையில வச்சே. உன் தலைமுடியில ஈரமா ஒரு பூ வாசனை. நீ எழுத்தைப் படிச்சே, எனக்கு ஒண்ணுமே காதுல விழலை. அந்த வாசனை இதுல இருக்கு."

பிறகு கோப்பை மிக மெதுவாகக் கழன்றது. இதைச் சரிபார்க்க மட்டும் அவளுக்கு நான்கு வாய் தேவைப்பட்டது.

"அது ரொம்பச் சரிங்க" என்றாள், குரல் தழுதழுக்க.

ஏழாவது வாசனை எளிதில் பிடிபடவில்லை. எட்டாத தூரத்தில் நின்றது. அவர் மூச்சை இழுத்து இழுத்துத் தேடினார். இதுதான் உச்சம், இதற்கு அப்புறம் குடிக்கலாம் என்று மனசு சொல்லிற்று.

"ரொம்ப லேசா... சுத்தமா... கழுவித் துடைச்ச கண்ணாடி மாதிரி ஒரு வாசனை" என்றார்.

"சரிதான்" என்றாள் அவள். இந்த முறை கோப்பையை வாங்கவே இல்லை.

புன்னகையோடு கோப்பையை உதட்டுக்குச் சரித்தார். காத்திருந்தார். இன்னும் சரித்தார். கண்ணைத் திறந்தார். கோப்பைக்குள் ஜன்னல் தெரிந்தது. மேஜையில் புட்டிக்குள்ளும் ஜன்னல்தான் தெரிந்தது. எதிரே மனைவி, கன்னம் சிவக்க, நாற்காலியில் சாய்ந்து, ஆள் இங்கே இல்லாத மாதிரி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோப்பையைக் கீழே வைத்தார். என்ன இருந்தாலும் தெரிந்துகொள்ளவாவது வேண்டுமே.

"எப்படி இருந்தது?" என்று கேட்டார்.

அவள் நேர்மையாக யோசித்தாள்.

"நீங்க சொன்ன அளவுக்கு இல்லைங்க."