இருபது கிலோ அரிசியும் ஒரு கோல்கீப்பரும்

ஹொல்ஸ்டெப்ரோ, டென்மார்க்
14.01.2026

பெருமதிப்புக்கும் அன்புக்கும் உரிய அத்தான் சிறீஸ்கந்தராசா அவர்களுக்கு,

இங்கு நானும் கமலேஸ்வரியும் மகள் நிரோஜாவும் சுகம். ரொறன்ரோக் குளிரில் நீங்களும் அக்காவும் அக்காவின் முழங்காலும் சுகமாக இருக்க வேண்டுமென்று நல்லூரானை வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். குடும்ப வட்ஸ்அப்பில் எழுதினால் கமலேஸ்வரி வாசித்துவிடுவா என்பதால் இந்த மின்னஞ்சல்.

அத்தான், அமெரிக்காவில் ஒரு கல்லூரி நிரோஜாவைப் படிக்கவும், தங்கள் பெண்கள் உதைபந்தாட்ட அணிக்குக் கோல் காக்கவும் கூப்பிட்டிருக்கிறது! படிப்பு இலவசம், சாப்பாடு இலவசம், அதற்குமேல் விளையாடுவதற்கு மாதாமாதம் கையில் காசு! ஞாயிற்றுக்கிழமைக்குள் கையெழுத்து வைக்க வேண்டும். அம்மா ஓம் என்றால்தான் வைப்பேன் என்று பிள்ளை நிற்கிறாள். அம்மாவோ உங்களை அண்ணை என்று கூப்பிடுகிறவ, உங்கள் சொல்லைத் தட்டாதவ. நீங்களோ "படிக்கிற பிள்ளைக்கு விளையாட்டுக்குக் காசு குடுத்தால் படிப்பும் போகும், விளையாட்டும் போகும்" என்று பதினொரு குரல்பதிவு போட்டிருக்கிறீர்கள். பதினொன்றையும் அவ சமைக்கும்போது சத்தமாகப் போட்டுக் கேட்கிறா.

நானும் உங்கள் கட்சியில் இருந்தவன்தான். எங்கள் தமிழ் விளையாட்டுக் கழகம் ஜேர்மனியிலிருந்து ஒரு பெடியனுக்கு ரயில் ரிக்கற் எடுத்துக் கொடுத்து இறக்கியபோது, "காசுக்கு உதைக்கிற கால் எங்களுக்கு வேண்டாம்" என்று கத்திப்போட்டுச் செயலாளர் பதவியை விட்டவன். (அந்த வருசக் கோப்பை இப்பவும் என்ர வீட்டு அலுமாரியிலதான் இருக்குது, அது வேற கதை.) ஆனால் யோசித்துப் பாருங்கோ. இந்த நாட்டில் பதினெட்டு வயது தாண்டிப் படிக்கிற பிள்ளைக்கு, படிக்கிறதுக்கென்றே அரசாங்கம் மாதாமாதம் எஸ்.யூ என்று காசு போடுது. அதை வாங்கி ஆர் கெட்டுப்போனது? அமெரிக்காவில் மைதானத்துக்கு ரிக்கற் விக்கினம், ரீவிக்கு ஆட்டத்தை விக்கினம், பயிற்சியாளருக்கு அள்ளிக் குடுக்கினம். பந்தைப் பிடிக்கிறவளுக்கு மட்டும் கைதட்டலோ? பன்னிரண்டு வருசமாக இங்க நான் மழைக்குள் நின்று நிரோஜாவின்ர கழகத்துக்குச் சொசேஜ் வித்தனான், பதினாறு பிள்ளைகளின் சேற்றுச் சட்டையைத் தோய்ச்சனான், ஒரு சதம் கேட்டனானோ? இங்க ஒருத்தரும் உழைக்கேல்லை, அங்க எல்லாரும் உழைக்கினம்.

கல்லூரிக்காரர் அனுப்பின கடிதத்தில, பிள்ளையின்ர பேருக்கும் படத்துக்கும் கடைக்காரரும் காசு குடுக்கலாம் எண்டு ஒரு வரி இருந்தது. அதை வாசிச்ச உடன எனக்கு இருப்புக் கொள்ளேல்லை. நேர இங்க தமிழ்ச்சாமான் விக்கிற கோணேசன் கடைக்குப் போனன். வருசாவருசம் சாமிப்படக் கலண்டர் அடிச்சு வாடிக்கையாளருக்குக் குடுக்கிற மனுசன். இந்த வருசம் முருகனுக்குப் பதிலா நிரோஜா பாய்ஞ்சு பந்து பிடிக்கிற படம், கீழ ராகுகாலம். கூலி இருபது கிலோ அரிசி. ஆனால் எங்கட சனம் கோணேசன் கலண்டர் எண்டால் பாக்காமலே சாமியறையில கொழுவுற சனம். தவமலரக்கா வீட்டுக்குப் போனால் நிரோஜாவின்ர நெத்தியில சந்தனம், கையுறையில செவ்வரத்தம்பூ! "தம்பி, கும்பிட்டு மூண்டாம் நாள் மருமகளுக்கு வேலை கிடைச்சிட்டுது, நான் கழட்டமாட்டன்" எண்டா. நிரோஜா ரெண்டு கிழமையா என்னோட டெனிஷிலதான் கதைக்கிறாள், அதுவும் "நேய்", இல்லை எண்ட ஒரு சொல்லு.

பிறகு எனக்கு ஒரு பயம் பிடிச்சுது. கடிதத்தில காசு எண்டுதானே இருந்தது, அரிசி வாங்கினதால பிள்ளையைச் சேர்க்கமாட்டினமோ? அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின்ர முந்தின சட்டத்தில ஒரு நேரச் சாப்பாட்டுக்கே பிள்ளையளை ஆட்டத்தால நிப்பாட்டினவையாம். "நாலு கிலோ சாப்பிட்டிட்டம், மிச்சம் பதினாறையும் திருப்பிக் குடுக்கத் தயார்" எண்டு அமெரிக்கப் பயிற்சியாளருக்கு உள்ளதைச் சொல்லி எழுதினன். இப்ப சட்டம் மாறிட்டுது, அரிசியை நிம்மதியாச் சாப்பிடுங்கோ எண்டு பதில் வந்தது. நான் குசினிக்குள்ள துள்ளிக் குதிச்சன், அத்தான்!

கமலேஸ்வரி அசையேல்லை. "சும்மா விளையாடினால் கால் நோகுதெண்டு பிள்ளை இருக்கலாம். காசு வாங்கினால் இருக்கேலுமோ? நீங்கள் தோள் நோவோட இறைச்சி ஃபாக்டரிக்குப் போனமாதிரித்தான் அவளும் போவாள்" எண்டா. அந்தத் தோள் உங்களுக்கும் தெரியும். அதனால நீங்கள்தான் கதைக்க வேணும். பதினொரு குரல்பதிவையும் வாபஸ் வாங்கி, பன்னிரண்டாவதா ஒண்டு போடுங்கோ. பிள்ளையின்ர வாழ்க்கை உங்கட வாயிலதான் இருக்குது.

அக்காவுக்கு என் அன்பு, பேரப்பிள்ளைகளுக்கு முத்தங்கள். நாளைக்கு உங்கள் பானை எந்தப் பக்கம் பொங்கினாலும் அந்தப் பக்கம் நன்மையே வரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் சொல் கேட்கும் மைத்துனன்
பாக்கியராசா

பி.கு.: இதை அனுப்ப முதல் தேத்தண்ணி குடிக்கக் குசினிக்குப் போனன். கமலேஸ்வரி ஓம் எண்டிட்டா! காயம் பட்டு விளையாடாமல் இருந்தாலும் இலவசப் படிப்பை நிப்பாட்டமாட்டம் எண்டு நிரோஜா கல்லூரிக்காரரிட்டை எழுத்தில வாங்கிக் குடுத்திருக்கிறாள். கையெழுத்தும் வைச்சாச்சு. யூலை முடிவில பயணம், பிறகு டிசம்பரில நத்தாருக்கு மட்டும் வருவாளாம். பன்னிரண்டு வருசமா வாசலில கிடந்து, நான் தடக்கி விழுந்து ஏசிக்கொண்டிருந்த அவளின்ர சப்பாத்துப் பையை இப்பவே கழுவிக் காயப் போட்டிருக்கிறாள். வாசல் வெறுமையாக் கிடக்குது. அத்தான், மேல எழுதினது ஒண்டையும் எடுக்காதேங்கோ. நீங்கள் சொன்னதுதான் சரி. அந்தப் பதினொரு குரல்பதிவையும் உடன நிரோஜாவுக்கு அனுப்புங்கோ.