ஆணி மேல் காலை வை

கூரை ஒழுகினால் கூரை வேலைக்காரரைக் கூப்பிடுங்கள். அவர் திங்கட்கிழமைதான் வருவேன் என்றால், திங்கட்கிழமை வரை வாளியை வைத்துக்கொண்டு சும்மா உட்காருங்கள். இதைச் சொல்ல ஒரு கட்டுரையா என்று கேட்பீர்கள். ஆமாம். என்னைப் போன்ற முட்டாள்கள் நிறையப் பேர் வீட்டில் ஏணி வைத்திருக்கிறார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் பெங்களூர் விவேக் நகரில் ஒரு ஷீட் வீடு வாங்கினேன். நாலு பக்கமும் சுவர், தலைக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ். அந்த வருடமே மகள் பிறந்தாள். பிரசவத்துக்குக் குடியாத்தம் போன மனைவி சாந்தி, மாதங்கள் ஆகியும் திரும்பவில்லை. காரணம், மாமனார். மழையில் என் வீடு ஒழுகுகிறது என்று யாரோ அவரிடம் ஓதிவிட்டார்கள் (யாரென்று தெரியும், என் தம்பிதான்). போனில் கறாராகச் சொல்லிவிட்டார்:

"ஒழுகற வூட்டுக்குக் கைக்கொழந்தைய அனுப்ப மாட்டேன் மாப்ள. ஞாயித்துக்கெழம நானே வந்து பாக்கறேன். ஒழுகலன்னா மறுநாளே கூட்டிட்டுப் போங்க."

வெள்ளிக்கிழமை அல்சூரில் ஷீட் வேலை செய்யும் ஒருவரைப் பிடித்தேன். "ஷீட்டு ஈரமா இருக்குது சார். காயட்டும். திங்கக்கெழம வர்றேன்" என்றார்.

"திங்கக்கெழம எவனுக்கு வேணும்?" என்று கத்திவிட்டு வந்தேன். பெற்ற மகளைப் பிறந்தபோது ஒரு தடவை, பேர் வைத்தபோது ஒரு தடவை பார்த்ததோடு சரி. இரண்டு நாளும் என்னால் உட்கார முடியவில்லை. சோற்றைக்கூட நடந்துகொண்டே தின்றேன்.

ஞாயிறு காலை ஒரு டப்பா தார், பழைய சாக்குத் துண்டு, இவற்றோடு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறிவிட்டேன். (பேண்ட் போட்டிருக்கலாம். அந்த அறிவும் இல்லை.)

பக்கத்து வீட்டு மாடியில் நஞ்சப்பா பல் தேய்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர்க் குழாய்ச் சண்டைக்குப் பிறகு எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. அன்றைக்கு அவராக வாயைத் திறந்தார்.

"ஸ்வாமி, மொளெ மேலெ காலிடி!"

என் கன்னடம் கடைத்தெருக் கன்னடம். மொளெ என்றால் ஆணி. காலிடி என்றால் காலை வை. ஆக, இந்த மனுஷன் வாய் நிறைய நுரையோடு என்னை ஆணி மேல் காலை வைக்கச் சொல்கிறான்!

"என்னா கொழுப்பு! நீ வந்து வைய்யா ஆணி மேல!"

"அய்யோ, மொளெ மேலெ! மொளெ மேலெ!" பிரஷ்ஷை ஆட்டி ஆட்டிக் காட்டினார். கேலி செய்கிறார் என்றே நினைத்தேன். வீம்புக்கு, ஆணி அடித்த வரிசைகளை எல்லாம் தாண்டித் தாண்டி, ஷீட்டின் நட்ட நடுவில் மட்டும் மிதித்துக்கொண்டு போனேன்.

(ஆணிக்கு அடியில்தான் மரக்கட்டை இருக்கிறது, அங்கேதான் ஷீட் ஆளைத் தாங்கும் என்று பிறகு எல்லோரும் எனக்குச் சொன்னார்கள். பால்காரர் உட்பட.)

அப்பளம் நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம். வலது கால் தொடை வரை உள்ளே போய்விட்டது. லுங்கி காலோடு வராமல் மேலேயே நின்றுவிட்டது. தார் டப்பா மட்டும் உருண்டு வந்து, காலோரமாக இருந்த சந்தில் தலைகுப்புறக் கவிழ்ந்தது.

கீழே யாரோ செருமினார்கள். மாமனார். முதல் ரயிலிலேயே வந்து, திறந்திருந்த வீட்டுக்குள் நுழைந்து, நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். வெள்ளை வேட்டியோடு.

"மாப்ள, வாசக்கதவு தெறந்துதான கெடக்குது? அது வழியா வரக்கூடாதா?"

"வாங்க மாமா. காபி சாப்ட்டீங்களா?" என்று என் வாய் கேட்டது. கால் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

நஞ்சப்பாதான் ஏணியில் ஏறி, ஆணி ஆணியாக மிதித்து வந்து, என்னைப் பிடுங்கி எடுத்தார். கீழே இறங்கியபோது மாமனார் தார் வழியும் வேட்டியோடு ஓட்டையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுவரைக்கும் ஒழுகிச்சு. இனிமே வெயிலும் அடிக்கும்."

மத்தியான ரயிலுக்கே கிளம்பிவிட்டார். மறுநாள் ஷீட்காரர் சொன்னபடி வந்தார். ஓட்டையைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார், "காஞ்சிடுச்சா சார்?" என்று கேட்டார். அவரை அடிக்கலாம் போலிருந்தது. நொண்டிக்கொண்டு எங்கே அடிப்பது?

மழை விட்டுவிட்டுப் பெய்ததில் கூரையை மாற்றி முடிக்க மாதக்கணக்கில் இழுத்துவிட்டது. அதற்குள் மகள் குப்புற விழுந்தாள், தவழ்ந்தாள், முதல் பல்லும் முளைத்தது. எல்லாம் குடியாத்தத்தில். ஒன்றையும் நான் பார்க்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு முதலில் ஆத்திரம்தான் வருகிறது.

வீட்டில் மற்றவர்களுக்குச் சிரிப்பு மட்டும்தான். மிக்சியைக் கழற்ற ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்தால் போதும், "மொளெ மேலெ!" என்று சாந்தி குரல் கொடுப்பாள். மகளுக்கு இப்போது கல்யாணமாகி, மல்லேஸ்வரத்தில் வீடு. போன வாரம் போனில் பேசும்போது சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்றாள்.

"இரு, இப்பவே வர்றேன்" என்றேன்.

"அவசரமில்லப்பா. பிளம்பர் திங்கக்கெழம வர்றாராம். செவ்வாக்கெழம வாங்க" என்றவள், போனை வைப்பதற்கு முன் சேர்த்துக்கொண்டாள்: "வாசல் வழியா வாங்க."