கில்ராய் மலைத் திரைப்பட விழாவின் தன்னடக்க வரலாறு

மலை என்பது ஏறுவதற்காகப் படைக்கப்பட்டது என்று நம்பி, மனிதகுலம் பல நூறு ஆண்டுகளாகக் கால்விரல்களை இழந்துகொண்டிருந்தது. அது உட்கார்ந்து பார்ப்பதற்காகப் படைக்கப்பட்டது என்ற உண்மையைக் கண்டறிந்து உலகுக்கு அளித்த பெருமை, நியூசிலாந்தின் தென் தீவில், இரண்டாயிரத்துச் சொச்சம் ஆட்களும் அவர்களைப்போல் முப்பது மடங்கு செம்மறிகளும் வாழும் எங்கள் கில்ராய் ஊரையே சாரும்.

'கில்ராய் மலை மற்றும் சாகசத் திரைப்பட விழா'வின் முப்பதாம் ஆண்டையொட்டி, அதன் அதிகாரபூர்வ வரலாற்றை எழுதும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. கல்லூரி விடுமுறைக்கு ஊர் வந்தவர்களில் வேறு வேலை இல்லாதவன் நான் ஒருவன்தான் என்பதைக் குழு விசாரித்து உறுதி செய்துகொண்டது.

முதல் விழா டெஸ் பார்க்கின் என்பவருடைய ஆட்டுரோமம் கத்தரிக்கும் கொட்டகையில் நடந்தது. நுழைவுக் கட்டணம் ஆளுக்கு ஒரு தட்டுப் பலகாரம். திரை, டெஸ்ஸின் படுக்கை விரிப்பு. படம், அந்த ஆண்டு அவர் மவுண்ட் கில்ராயின் தெற்குப் பக்கம் தனியாக ஏறியபோது கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டு எடுத்தது. இருபது நிமிடப் படத்தில் பதினேழு நிமிடம் அவருடைய பூட்ஸ் வருகிறது. மிச்ச மூன்று நிமிடம் கேமரா கீழே விழுகிறது. பதினான்கு பேரும் இரண்டு நாய்களும் பார்த்தார்கள்.

"எப்படி இருந்துச்சு டெஸ்?" என்று யாரோ கேட்டார்கள்.

"கொஞ்சம் குளிரு."

இரண்டு விரல்களை அவர் மலையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தது, பலகாரத் தட்டிலிருந்து சாஸேஜ் ரோலை எடுக்கக் கை நீட்டியபோதுதான் தெரிந்தது.

இது எங்கள் ஊர் வழக்கம். கால் முறிந்தவன் "சின்னச் சுளுக்கு" என்பான். பனிச்சரிவில் புதைந்து எழுந்தவன் "கொஞ்சம் ஈரம்" என்பான். கேட்பவர் அதை மனத்துக்குள் பத்தால் பெருக்கிக்கொண்டு, கயிற்றை எடுத்துக்கொண்டு ஓடுவார். இந்த வாய்பாட்டை யாரும் எழுதி வைக்கவில்லை. அதனால்தான் அது வேலை செய்தது.

இரண்டாம் ஆண்டு ஒரு குழு அமைக்கப்பட்டது. ஐந்தாம் ஆண்டு அந்தக் குழுவைக் கண்காணிக்க ஓர் உபகுழு. பத்தாம் ஆண்டு நானூற்று முப்பது இருக்கைகளுடன் மண்டபம் எழுந்தது. மலை தெரியவேண்டும் என்று மேற்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி வைத்தார்கள். மலையும் ஒத்துழைத்துத் தெரிந்தது. பிற்பகலில் அதன் பனியில் பட்ட வெளிச்சம் திரையில் விழுந்ததால், 'காட்சிக்கு இடையூறு செய்யும் இயற்கை' என்று கோப்பில் குறிப்பெழுதிக் கறுப்புச் சீலை தொங்கவிட்டார்கள். சீலை இன்றுவரை நல்ல நிலையில் இருக்கிறது.

பன்னிரண்டாம் ஆண்டு நோலீன் ஹேகெட் விழாவின் இயக்குநரானார். விழாவுக்கு ஒரு விருது வேண்டும் என்ற கோரிக்கை அவர் முன் வந்தது. கூட்டக் குறிப்பேட்டில் அந்த உரையாடல் அப்படியே இருக்கிறது.

"சிறந்த மலையேறின்னு ஒருத்தனுக்குக் குடுத்தா, அப்புறம் அவன் இந்த ஊர்ல எப்படித் தலைகாட்டுவான்?" என்று கேட்டார் நோலீன்.

"அப்ப யாருக்குத்தான் குடுக்கறது?"

"நான் சிறந்தவன் இல்லைன்னு யாரு நல்லாச் சொல்றாங்களோ, அவங்களுக்கு."

'தன்னடக்க விருது' இவ்வாறு பிறந்தது. பட்ட ஆபத்தை, அதைச் சொல்லச் செலவழித்த சொற்களால் வகுத்து மதிப்பெண் போட வேண்டும். பனிப்பிளவுக்குள் இரண்டு நாள் கிடந்த ஒரு பெண்மணி மேடையேறி, "நல்லா ஓய்வு கிடைச்சுது" என்றார். மண்டபமே எழுந்து நின்றது. மறு ஆண்டு ஒருவர் எதுவும் பேசாமல் தோளை மட்டும் குலுக்கினார். பூஜ்யத்தால் வகுக்க முடியாது என்று நடுவர்கள் மூன்று மணிநேரம் விவாதித்து அவரை நிராகரித்தார்கள். பிறகு அடக்கமாகப் பேசப் பயிற்சி முகாம்கள் வந்தன. முகாமில் பயின்றவர்களுக்கு மலைக்குப் போக நேரமில்லாமல் போயிற்று. ஊர் முழுக்க அடக்கம் வளர்ந்தது; பெருக்கிப் பார்க்கும் பழக்கம் மட்டும் மெல்ல விட்டுப்போனது.

முப்பதாம் ஆண்டுக்கு வருகிறேன்.

விழாவின் முதல் சனிக்கிழமை காலை, எழுபத்திரண்டு வயது டெஸ் சீட்டு வாங்க மண்டபத்துக்கு வந்தார். நான் நோலீனுக்குப் பக்கத்தில் இருந்தேன்.

"இணையத்துல முன்னாடியே சீட்டு போட்டிருக்கணும் டெஸ். நாலே நிமிஷத்துல வித்துப்போச்சு."

"பரவால்ல நோலீன். ஒரு நடை போயிட்டு வரேன்."

"எங்க?"

"மேல."

"திரையிலயும் இன்னிக்கு அந்த மலைதான்ப்பா. கையாட்டினா பார்க்கறோம்."

நிறுவனருக்கு என்று இணையப் படிவத்தில் ஒரு கட்டம் இல்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். ஆரம்பித்தவர்களே வந்து கேட்பார்கள் என்று எந்த நிறுவனம்தான் எதிர்பார்க்கும்?

மதியம் மூன்று மணி. அரங்கு நிறைந்திருந்தது. திரையில் ஒரு மீட்புப் படம். முன்வரிசையில் ஊர் மீட்புக் குழுவின் பதினொரு தொண்டர்கள். நான்கு மணிக்கு அவர்களுக்குக் கௌரவிப்பு. மலைக்குப் போகிறவர்கள் கைக்கருவியில் கூப்பிட்டால் கேட்கும் அவர்களுடைய வயர்லெஸ் பெட்டி மேடையில் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தது. அதை அணைத்துவிடலாம் என்று நோலீன் சொன்னதற்குக் குழுத் தலைவர் ராவிரி சம்மதிக்கவில்லை. ராவிரி கராஜில் மெக்கானிக். அலங்காரம் பற்றிய ஞானம் அவருக்குக் குறைவு.

பெட்டி கரகரத்தது.

"டெஸ் பேசறேன். தெற்குப் பள்ளத்துல இருக்கேன். கால் கொஞ்சம் அடம்பிடிக்குது. அவசரம் ஒண்ணுமில்ல. படம் முடிஞ்சதும் யாராச்சும் இந்தப் பக்கம் வந்தா நல்லாருக்கும்."

கைதட்டல் கூரையைத் தொட்டது.

தலைமை நடுவர் அலிஸ்டர் பிரிம் எழுந்தார். ஆக்லாந்துக்காரர், மலைகளை விமானத்திலிருந்து முறையாகக் கண்டவர். "அபாரம். நேரடி ஒலிபரப்பா?"

"நிகழ்ச்சி நிரல்ல இல்லையே" என்றார் நோலீன்.

"முப்பதாம் வருஷ ஸ்பெஷல்னு வச்சுக்குவோம்." அவர் மேடையேறி வயர்லெஸ்ஸைக் கையில் எடுத்தார். "டெஸ், ஆபத்து எவ்வளவுன்னு தெரிஞ்சாத்தான் எங்களால மார்க் போட முடியும். கால் எப்படி இருக்கு?"

"இருக்கு. முன்னாடி பார்க்கறதுக்குப் பதிலா இப்ப பின்னாடி பார்க்குது."

கைதட்டல்.

"சுத்துப்புறம்?"

"கீழ அருவி. பக்கந்தான். நல்ல சத்தம்."

பலத்த கைதட்டல். அட்டையைத் தூக்கிக் காட்டும் பணி வரலாற்றாசிரியருக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. நான் ஒன்பதரையைத் தூக்கினேன். அரைப் புள்ளி குறைந்ததற்குக் காரணம், 'நல்ல சத்தம்' சற்று மிகை என்று நடுவர்கள் கருதியது.

அப்போது திரையில் ஒரு பெரிய தலையின் நிழல் விழுந்தது. ராவிரி எழுந்து நின்றிருந்தார்.

"யோவ், உக்காருய்யா. மறைக்குது" என்றது பின்வரிசை.

ராவிரி திரும்பவில்லை. "டெஸ் 'யாராச்சும் வாங்க'ன்னு கேட்டு நான் பார்த்ததே இல்ல" என்று தன் ஆட்களிடம் சொன்னார். "விரல் போனப்பகூடக் கேக்கல. அஞ்சு மணிக்கு இருட்டிரும். கிளம்புங்க."

நோலீன் வாசலை மறித்தார். "நடுவுல போனா திரும்ப உள்ள விடமுடியாது ராவிரி. பதினாறாவது விதி. நாலு மணிக்கு உங்களுக்குத்தானே கௌரவிப்பு, யாருக்குக் குடுக்க?"

"நாற்காலிக்குக் குடு."

பதினொரு பேரும் போனார்கள். கால் நீட்ட இடம் கிடைத்தது என்று இரண்டாம் வரிசை மகிழ்ந்தது. படம் தொடர்ந்தது. கடைசிக் காட்சியில் மீட்புக் குழு அடிபட்டவரை எட்டிப் பிடித்தபோது அரங்கில் விம்மல்கள் கேட்டன. என் பக்கத்தில் இருந்தவர் கைக்குட்டையை எனக்கும் கொடுத்தார். நான்கு மணிக்குப் பதினொரு நாற்காலிகளுக்கும் முறைப்படி கேடயம் வழங்கப்பட்டது.

மேகம் இறங்கிவிட்டதால் ஹெலிகாப்டர் வரமுடியவில்லை. ராவிரியின் ஆட்கள் நடந்தே ஏறினார்கள். பாறை விளிம்பில், பாதி உடம்பு நனைந்து, பேச்சுக் குழற ஆரம்பித்திருந்த டெஸ்ஸைக் கண்டுபிடித்து, ஸ்ட்ரெச்சரில் கட்டி இறக்கினார்கள். இன்னும் ஒரு மணிநேரம் போயிருந்தால் விருதை அவர் வீட்டாரிடம் கொடுத்திருக்க வேண்டும் என்றார் டாக்டர்.

ஒன்பதாம் நாள் நிறைவு விழா. விருது டெஸ்ஸுக்குத்தான், போட்டியே இல்லை. மாவுக்கட்டோடு சக்கர நாற்காலியில் மேடைக்கு வந்தார். நோலீன் மைக்கைக் கொடுத்தார்.

"ரெண்டு வார்த்தை டெஸ். குறைச்சலாச் சொன்னா நல்லது."

டெஸ் மண்டபத்தைப் பார்த்தார். அவசரப்படவில்லை.

"வலிச்சுது" என்றார். "ரொம்ப வலிச்சுது. பயந்துட்டேன். செத்துருவேன்னு நினைச்சேன். அதான் கூப்பிட்டேன். நீங்க கைதட்டினது எனக்கு அங்க நல்லாக் கேட்டுச்சு."

மைக்கை மடியில் வைத்துக்கொண்டார். ராவிரி வந்து நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார்.

நடுவர் குழு உடனடியாகக் கூடியது. மேற்படி உரை மிகை உணர்ச்சி, சுய விளம்பரம், சொற்பெருக்கு ஆகிய மூன்று குற்றங்களுக்கும் உள்ளாவதாகக் கண்டு, விருதைத் திரும்பப் பெறும் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. வேறு யாருக்குக் கொடுப்பது என்ற கேள்வி நெடுநேரம் நிற்கவில்லை. ஒரு மனிதர் மலையிலிருந்து கூப்பிட்டபோதும் துளி ஆர்ப்பாட்டமின்றி, இருந்த இடத்திலேயே அடக்கமாக அமர்ந்திருந்தவர்களுக்கே அது உரியது என்று அலிஸ்டர் பிரிம் முன்மொழிந்தார், நோலீன் வழிமொழிந்தார்.

இவ்வாறு முப்பதாம் ஆண்டின் தன்னடக்க விருது பார்வையாளர்கள் நானூற்றுப் பத்தொன்பது பேருக்கும் கூட்டாக வழங்கப்பட்டது. ஆளுக்கொரு சான்றிதழ், நல்ல தாளில். என்னுடையதில் பெயரைப் பிழையில்லாமல் அச்சடித்திருக்கிறார்கள். அதன் கீழே காரணமும் இருக்கிறது: 'எழுந்திருக்காமைக்காக.'