ஐம்பத்திரண்டு பிள்ளைகளின் தகப்பன்

நாற்பது நாற்காலி போட்டிருந்தது. நாற்பதும் காலி. மணி பத்து. பதினொன்றுக்கு ஆய்வுக்குழு வருகிறது.

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில், பெருமுக்கல் தாண்டி உள்ளே தள்ளி இருக்கிறது அந்தச் சின்னத் தனியார் பல்கலைக்கழகம். அங்கே உதவிப் பேராசிரியர் விருத்தாசலத்துக்கு அன்றைக்கு ஒரே ஒரு வேலைதான். பெற்றோரை வரவழைத்து, பல்கலைக்கழகத்துக்கு மார்க் போட வரும் குழுவின் முன்னால் உட்கார வைக்க வேண்டும். மூன்று வருஷமாகத் தற்காலிகத்தில் தொங்கிக்கொண்டிருக்கிற மனிதர். "பேரன்ட்ஸ் மீட்டிங் நல்லபடியா நடந்தா உங்க பர்மனென்ட் ஆர்டரை நானே வாங்கித் தர்றேன்" என்று பதிவாளர் சாந்தினி மேடம் சொல்லியிருந்தார். நடக்காவிட்டால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

விருத்தாசலம் லேசுப்பட்ட ஆள் இல்லை. முகூர்த்த நாள் பார்த்து, திருவிழா பார்த்து, பஸ் ஸ்டிரைக் உண்டா என்று கூட விசாரித்துத் தேதி குறித்தார். வானத்தை மட்டும் பார்க்கவில்லை. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பிறந்து வளர்ந்தவருக்கு வானத்தில் என்ன ஜோலி? முந்தாநாள் நல்ல மழை. முற்றி நிற்கிற வேர்க்கடலை மேல் மழை விழுந்தால், ஈரம் காய்வதற்குள் செடியைப் பிடுங்கியாக வேண்டும். விட்டால் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். பெற்றோர் அத்தனை பேரும் கடலைக் கொல்லையில் குனிந்திருந்தார்கள்.

பிள்ளைகள் போய்க் கூப்பிட்டால் தட்ட மாட்டார்கள் என்று விருத்தாசலம் கணக்குப் போட்டார். இருபது மாணவர்களைப் பல்கலைக்கழக பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார். பத்தரைக்கு பஸ் திரும்பி வந்தது. டிரைவர் புகழேந்தி மட்டும் இறங்கினார்.

"பேரன்ட்ஸ் எங்கங்க?"

"மல்லாட்டை புடுங்கிக்கினு இருக்காங்க சார்."

"சரி, பசங்க எங்க?"

"அவங்களும் புடுங்கிக்கினு இருக்காங்க. அம்மா வெயில்ல குனிஞ்சிக்கினு இருந்தா எந்தப் புள்ள சார் பஸ்ல குந்திக்கினு இருக்கும்? அஞ்சு நிமிஷம்னு எறங்குச்சுங்க. நான் பாத்து பாத்து வந்துட்டேன்."

ஆக, இருந்த மாணவர்களும் போனார்கள். விருத்தாசலம் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். பிறகு மெல்ல நிமிர்ந்து புகழேந்தியை மேலும் கீழும் பார்த்தார். காதோரம் நரை, கொஞ்சம் தொப்பை. தகப்பன் களை நன்றாகவே இருந்தது.

கால் மணி நேரத்தில் மூன்று பெற்றோர் தயார். புகழேந்தி, இரண்டாம் வருஷம் படிக்கும் பூமாலையின் அப்பா, விவசாயி. கேன்டீன் அம்சா, பிரியதர்ஷினியின் அம்மா. கேட் வாட்ச்மேன் தேவசகாயம், செஞ்சிப் பக்கத்து ஜெயின் பையன் ஸ்ரேயான்ஸின் அப்பா, பெயர் அஜிதநாதன், நெல் வியாபாரம்.

"சார், எனக்குக் கழுத்துல சிலுவை தொங்குது" என்றார் தேவசகாயம்.

"சட்டைக்குள்ள விடுங்க. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. பிள்ளை நல்லா படிக்குது, வாத்தியாருங்க நல்லவங்க. அவ்வளவுதான். மேல ஒரு வார்த்தை பேசினா என் பொழப்பு போச்சு."

குழு பன்னிரண்டுக்குத்தான் வந்தது. தலைவி பிரபாவதி அம்மையாருக்குச் செருப்பெல்லாம் சேறு. "வழியில கொஞ்சம் நின்னுட்டு வந்தோம்" என்றார். நம் வாசல் சேறுதான் என்று நினைத்து விருத்தாசலம் நாலு தடவை மன்னிப்புக் கேட்டார்.

முதலில் போண்டா வந்தது. வேறு யாராவது பரிமாறினால் அம்சாவுக்குக் கை சும்மா இருக்குமா? தட்டைப் பிடுங்கி, குழுவில் ஒவ்வொருவருக்கும் வைத்து, சட்னி ஊற்றி, "இன்னொண்ணு வச்சிக்கோங்கம்மா, சூடா இருக்கு" என்றார். பிரியதர்ஷினியின் அம்மாவுக்கு ரொம்ப உபசரிப்புக் குணம் என்று விருத்தாசலம் இளித்தார். இளித்துத் திரும்பினால், நெல் வியாபாரி அஜிதநாதன் மூன்றாவது போண்டாவைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க ஜெயின் குடும்பம்தானே? மண்ணுக்கடியில விளையற உருளைக்கிழங்கெல்லாம் சாப்பிடுவீங்களா?" என்று கேட்டார் பிரபாவதி.

தேவசகாயம் மென்றதை விழுங்கினார். "டாக்டர் சாப்பிடச் சொல்லியிருக்காரும்மா."

பிரபாவதி புகழேந்தி பக்கம் திரும்பினார். "உங்க பொண்ணு எப்படி?"

"நல்லா படிக்குதும்மா. வாத்தியாருங்க நல்லவங்க." அதோடு நிறுத்தியிருக்கலாம். "பூமாலை காலையில சொசைட்டில பால் ஊத்திட்டு ஓடியாரணும். ஏழே முக்கால் பஸ்ஸுக்கு வர முடியாது. அது வர்ற வரைக்கும் நான் டயர்ல காத்து பாக்கற மாதிரி பத்து நிமிஷம் குந்திக்கினு இருப்பேன். மத்த பசங்களுக்கும் தெரியும். ஒண்ணும் சொல்லாதுங்க."

"எந்த டயர்ல?"

"டிராக்டர் டயர் மேடம்" என்று பாய்ந்தார் விருத்தாசலம்.

"ஓகோ. உங்களுக்கு மொத்தம் எத்தனை பிள்ளைங்க?"

புகழேந்தி யோசிக்கவே இல்லை. "அம்பத்தி ரெண்டும்மா."

குழுவில் ஒருவர் தும்மினார்.

"கூட்டுக் குடும்பம் மேடம்" என்றார் விருத்தாசலம். அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

அம்சாவும் அடங்கவில்லை. "எது காலையில சாப்பிடாம வருதுன்னு மூஞ்சிய பாத்தாலே தெரியும்மா. சும்மா குடுத்தா வாங்காதுங்க, ரோஷம். அதனால உப்பு சரியா இருக்கான்னு பாத்து சொல்லும்மான்னு ரெண்டு இட்லி வைப்பேன். இப்ப தினம் ஒம்போது பொண்ணுங்க எனக்கு உப்பு பாக்குதுங்க."

"பரீட்சை அன்னிக்குப் பயந்துக்கினு கேட்டோட திரும்பிப் போற பசங்க இருக்குதும்மா" என்றார் தேவசகாயம். சிலுவை வெளியே வந்து தொங்கியது, அவர் கவனிக்கவில்லை. "பக்கத்துல குந்த வச்சு, ஒரு டீ வாங்கிக் குடுத்து, உள்ள அனுப்பிடுவேன். இதுவரைக்கும் பதினோரு பேரு. எல்லாம் பாஸ்."

விருத்தாசலம் உளறுவதை நிறுத்திவிட்டார். மூன்று வருஷமாகத் தினமும் ஐம்பத்திரண்டு பிள்ளைகள் ஏறும் இந்த பஸ்ஸில் வருகிறார், இந்த கேட்டைத் தாண்டுகிறார், இந்த இட்லியைத் தின்கிறார். பத்து நிமிஷ தாமதத்துக்குப் புகழேந்தி மேல் எழுத்தில் புகார் கொடுத்த ஆளும் அவர்தான். அவருக்கு வெட்கமாக இருந்தது. அடேயப்பா, எப்பேர்ப்பட்ட மனுஷங்க! இவர்களுக்குப் போய் வேஷம் கட்டி, இரவல் பெயர் கொடுத்து உட்கார வைத்தோமே என்று தன் மேலேயே கோபம் வந்தது.

பிரபாவதி எழுந்து மூவரையும் கைகூப்பிக் கும்பிட்டார். பிறகு பதிவாளர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே என்ன நடக்கும் என்று விருத்தாசலத்துக்குச் சந்தேகமே இல்லை. பர்மனென்ட் ஆர்டர் போனால் போகட்டும். இவர்கள் யார் என்று அந்த அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். போர்டிகோவில் நின்ற குழுவின் காருக்குப் பக்கத்தில் போய்க் காத்திருந்தார். கார் டிரைவர் பானட்டில் சாய்ந்து நின்றிருந்தார்.

"மேடம் ரொம்ப கோபமா இருக்காங்களாங்க?"

"கோபமா? இப்பதான் சார் வண்டிய ரெடியா வைக்கச் சொல்லி போன்ல பேசினாங்க, இந்த மாதிரி ஒரு பேரன்ட்ஸ் மீட்டிங் எங்கயும் பாத்ததில்ல, முழு மார்க்கு போட்டுட்டேன்னு."

"அவங்க பேரன்ட்ஸ் இல்லைங்க" என்றார் விருத்தாசலம். சொன்னதும் நெஞ்சு லேசானது. "நான்தான் பொய் சொல்லி உட்கார வச்சேன். அதை மேடம்கிட்டச் சொல்லத்தான் நிக்கறேன்."

டிரைவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"அது தெரியும் சார். காலையில வர்ற வழியிலேயே கொல்லையில எறங்கி பெத்தவங்க எல்லாரையும் பாத்துட்டோம், 'புள்ளைங்கள பத்தி எங்களுக்கு இன்னா தெரியும், அந்த பஸ்காரரு, கேட்டுக்காரரு, கேன்டீன் அம்மா, அந்த மூணு பேரையும் போயி கேளுங்க'ன்னு அனுப்பினதே அவங்கதான், மேடம் தேடிக்கினு வந்ததே இவங்களத்தான். நீங்க எதுக்கு சார் இந்த மூணு பேரையும் பூரா நேரமும் வேற யாரோன்னு சொல்லிக்கினு இருந்தீங்க?"