பத்தாயிரத்து ஒன்று

கணக்கு வாத்தியாருக்குக் கணக்கென்றால் பயமே கிடையாது என்று ஊரில் ஒரு நினைப்பு. எனக்கு 10001 என்ற எண்ணை இன்றைக்குப் பார்த்தாலும் பயம்தான்.

அறுபதுகளின் தொடக்கத்தில் திருவண்ணாமலைப் பள்ளி ஒன்றில் தற்காலிக ஆசிரியராக இருந்தேன். கல்யாணமாகி மூன்று மாதம். வேலூரிலிருந்து வரும் இன்ஸ்பெக்டர் என் வகுப்பைப் பார்த்து நல்லபடியாக எழுதினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை என்றார் தலைமையாசிரியர். (தைரியம் சொல்கிறாராம்!)

அன்றைக்குப் பகா எண் பாடம். பதினேழு, பத்தொன்பது என்று ஊரே சொல்வதைச் சொன்னால் என் மேதாவித்தனம் எப்படித் தெரியும்? 10001-ஐப் பிடித்தேன். நூற்றுக்குள் இருக்கும் இருபத்தைந்து பகா எண்களாலும் அது வகுபடாவிட்டால் அதுவும் பகா எண்தான். முந்தின நாள் வீட்டில் உட்கார்ந்து, இரண்டில் தொடங்கி எழுபத்தொன்று வரை வகுத்தேன். எல்லாவற்றிலும் மீதி வந்தது. பாக்கி ஐந்தே ஐந்து. இருபது பேரால் ஆகாததை இந்த ஐந்து பேரா கிழிக்கப் போகிறார்கள் என்று நோட்டை மூடிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

மறுநாள் கரும்பலகையில் எண்ணைப் பெரிதாக எழுதி, இது பகா எண் என்று அறிவித்தேன். கடைசி பெஞ்சில் இருந்த இன்ஸ்பெக்டர் எழுந்து, ஆளுக்கொரு பகா எண்ணால் வகுத்துப் பார்க்கும்படி பையன்களிடம் சொன்னார். நான் விட்டுவைத்த ஐந்தும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன. ஜன்னலில் தெரிந்த மலையைப் பார்த்து, அண்ணாமலையாரே, ஐந்திலும் மீதி வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். (மீதிக்காகச் சாமி கும்பிட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.)

பையன்கள் வரிசையாக எழுந்தார்கள். இரண்டுக்கு மீதி ஒன்று. மூன்றுக்கு இரண்டு. அப்படியே எழுபத்தொன்று வரை வந்து, மீதி அறுபத்தொன்று. அடுத்த எண் எழுபத்து மூன்று. அது கன்னியப்பனுக்கு விழுந்திருந்தது. அந்த வருஷம் ஒரு வகுத்தலைக்கூட அவன் சரியாகப் போட்டதில்லை.

"மீதி வரல சார்."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பையன் வகுத்தலில் கொஞ்சம் கம்மி என்று இன்ஸ்பெக்டரிடம் விளக்கம் சொல்லி, நானே அவனைக் கூப்பிட்டுச் சாக்பீஸைக் கையில் கொடுத்தேன். நிதானமாகப் போட்டான். ஈவு நூற்று முப்பத்தேழு, மீதி பூஜ்யம்.

"நீங்க எதுவரைக்கும் வகுத்தீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"எழுபத்தொன்னு வரைக்கும் சார்."

"அங்க ஏன் நிறுத்தினீங்க?"

பயத்தில் பொய்கூட வரவில்லை. "தோசை ஆறிப்போவுதுன்னு வீட்ல கூப்பிட்டாங்க சார்."

அவர் அப்போதும் சிரிக்கவில்லை. வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு வருஷம் ஆயிற்று. அது வரை தபால்காரர் தெருவில் நுழைந்தாலே வேலை போன உத்தரவோ என்று வாசலுக்கு ஓடுவேன். இன்ஸ்பெக்டர் வரைக்கும் தன் தோசையை இழுத்துவிட்டேனென்று என் மனைவி மரகதம் இரண்டு நாள் பேசவில்லை.

மூன்றாம் நாள் பேச ஆரம்பித்தவள்தான். கதவைப் பூட்டிவிட்டேன், நன்றாகப் பார்த்துவிட்டேன் என்று எதைச் சொன்னாலும் இன்றுவரை ஒரே கேள்வி: "எழுபத்தி மூணால வகுத்துப் பாத்தீங்களா?"

எழுந்து போய்ப் பார்ப்பேன். பாதி நாள் கதவு திறந்துதான் கிடக்கும்.