பி/ஓ ரூபினி என்கிற கங்காரு

குழந்தை பிறப்பதற்கு ஒரு மாதம் முன்னதாகவே தகப்பன் மனுக் கொடுத்திருக்க வேண்டும். இது விதி. நியாயமான விதிதான். எந்த நல்ல குழந்தையும் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்காது என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டது.

மர்பி டவுன் கிரண் விதியை மதிப்பவன். மனைவி ரூபினிக்கு ஐந்தாம் மாதம் நடக்கும்போதே மனுக் கொடுத்துவிட்டான். ஜூலைக் கடைசியில் பிரசவம் என்று டாக்டர் எழுதிய சீட்டையும் சேர்த்துக் கொடுத்தான். ஜூலைக் கடைசியில் ஐந்து நாள் தந்தை விடுப்பு அனுமதியாகிவிட்டது. எல்லாம் ஒழுங்காக இருந்தது. குழந்தை மட்டும் மே மாதம் பிறந்துவிட்டது.

கிரண் வேலை பார்த்தது அவுட்டர் ரிங் ரோட்டில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில். ஆபீசில் எந்த நாற்காலி காலியாக இருக்கிறது என்று போனில் சொல்லும் ஆப் ஒன்றைச் செய்து அந்தக் கம்பெனி உலகமெல்லாம் விற்றது. அந்தக் கம்பெனியில் நாற்காலி கிடையாது. பீன் பேக் என்று மூட்டை மூட்டையாகக் கிடக்கும். அதில் விழலாம். எழுந்திருக்க இன்னொருவர் கை கொடுக்க வேண்டும். இதற்குக் கூட்டு முயற்சி என்று பெயர்.

முன்பு அங்கே ஹெச்.ஆர். என்று ஒரு பிரிவு இருந்தது. லீவு கேட்டால் இல்லை என்பார்கள். இப்போது அதற்கு மகிழ்ச்சித் துறை என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். லீவு கேட்டால் மகிழ்ச்சியோடு இல்லை என்கிறார்கள்.

குழந்தை ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. ஆண் குழந்தை. ஒரு கைக்குள் அடங்கும். பெயர் வைக்கும் நிலையில் யாரும் இல்லை என்பதால் ஆஸ்பத்திரியே ஒன்று வைத்திருந்தது. காலில் கட்டிய பட்டையில் ‘பி/ஓ ரூபினி’ என்று எழுதியிருந்தது. பேபி ஆஃப் ரூபினி. தகப்பன் பெயர் அதில் இல்லை. கிரண் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ரூபினி மேல் மாடியில் இருந்தாள். ரத்தக் கொதிப்பு ஏறி, அவசரமாக ஆபரேஷன் செய்து, எழுந்து உட்காரக் கூடாது என்று படுக்க வைத்திருந்தார்கள்.

பெட்டி திடீர் திடீரென்று மணியடித்தது. அடித்தவுடன் நர்ஸ் லாயிட் வருவார். காக்ஸ் டவுன்காரர், தடித்த ஆள். குழந்தையின் உள்ளங்காலை விரலால் ஒரு சுண்டு சுண்டுவார். மணி நிற்கும். போய்விடுவார்.

மூன்றாவது முறை கிரண் கேட்டுவிட்டான். “என்னா சார் ஆவுது?”

“மூச்சு விட மறந்துட்டான்.”

“அதைப் போய் மறப்பாங்களா?”

“எட்டாம் மாசத்துப் பாடம்பா அது. இவன் ஏழுலயே ஸ்கூலை விட்டு நின்னுட்டான்.”

இதற்கு வைத்தியம் உண்டென்றார் லாயிட். சட்டையைக் கழற்றிவிட்டு, குழந்தையை வெறும் மார்பில் போட்டுக்கொண்டு சாய்ந்திருக்க வேண்டும். கங்காரு கேர் என்று அதற்குப் பெயர். சூட்டுக்குச் சூடும் ஆச்சு. அப்பன் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக் குழந்தையும் மூச்சு விட ஞாபகம் வைத்துக்கொள்ளும். பகலில் நாலைந்து மணி நேரமாவது வேண்டும். தினமும் வேண்டும். “உன் சம்சாரம் எழுந்திரிக்கிற வரைக்கும் நீதான் கங்காரு” என்றார்.

முதல் தடவை குழந்தையை மார்பில் வைத்தபோது மணி அடிக்கவே இல்லை. கிரண்தான் பயத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான். “யோவ், நீ விட்டாத்தானய்யா அவன் விடுவான்” என்று லாயிட் அதட்டினார்.

மாமனார் சின்னப்பா தன் மார்பையும் தருவதாகச் சொல்லிக் கிளம்பி வந்தார். பீன்யாவில் ஒரு கார்மெண்ட் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் அவர். வாசலில் செக்யூரிட்டி நிறுத்தினான். பெற்றோருக்கு மட்டும்தான் பாஸ். பெற்றவளையே பெற்றவன் நான் என்றார் சின்னப்பா. பெற்றோருக்குப் பெற்றோர் பற்றி பாஸில் எதுவும் இல்லை என்றான் செக்யூரிட்டி. சின்னப்பா திரும்பிப் போய், குழந்தையை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொள்ள மெத்தென்ற துணியில் ஒரு பை தைத்துக் கொடுத்தனுப்பினார். கச்சிதமாக இருந்தது.

ஆகவே எல்லாம் தயார். குழந்தை உண்டு, மார்பு உண்டு, பை உண்டு. லீவு ஒன்றுதான் வேண்டும்.

கிரண் மகிழ்ச்சித் துறையின் பார்கவிக்குப் போன் போட்டான். அவள் வாழ்த்துச் சொன்னாள். பிறகு கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

“கிரண், உங்க பேபி ஜூலைன்னு இருக்கே.”

“முன்னாடியே பொறந்துட்டான் மேடம்.”

“ஓ. ப்ரீபோன் ஆயிடுச்சா. அதுக்கு அப்ரூவல் வாங்கினீங்களா?”

யாரிடம் வாங்குவது என்று கிரணுக்குத் தெரியவில்லை. டாக்டர் சர்டிபிகேட் அனுப்பச் சொன்னாள். அனுப்பினான். அது தலைமை மகிழ்ச்சி அதிகாரி கஸ்தூரிரங்கனிடம் போயிற்று. அவர் படித்தவர். முழுவதும் படித்தார். அங்கேதான் கெட்டது.

சர்டிபிகேட்டில் ஒரு வரி இருந்தது. திருத்திய வயது: மைனஸ் ஒன்பது வாரம். குறைமாதக் குழந்தைக்கு டாக்டர்கள் வயதை அப்படித்தான் கணக்கிடுவார்கள். என்று பிறந்தது என்பதை விட்டுவிட்டு, என்று பிறந்திருக்க வேண்டும் என்பதிலிருந்து எண்ணுவார்கள். வளர்ச்சியைப் பார்ப்பதற்காக. கஸ்தூரிரங்கனுக்கும் வளர்ச்சியில் அக்கறை உண்டு. கிரணை நேரில் கூப்பிட்டார். உட்காரச் சொல்லி ஒரு மூட்டையைக் காட்டினார். கிரண் விழுந்தான்.

“பாருங்க கிரண், இதை நான் சொல்லலை. உங்க டாக்டர் சொல்றார். வயசு மைனஸ். அப்படின்னா என்ன அர்த்தம்? இன்னும் பொறக்கலை. பொறக்காத குழந்தைக்கு அப்பா இருக்க முடியாது. அப்பாவே இல்லாதப்போ அப்பா லீவு எப்படி?”

“நான் கையில தூக்கியிருக்கேன் சார்.”

“அதை அட்வான்ஸா வெச்சுக்குங்க. உங்க ஜூலை லீவு பத்திரமா இருக்கு. யாரும் தொட மாட்டாங்க. நாமெல்லாம் ஒரே குடும்பம்.”

கிரணை எழுப்பிவிடப் பார்கவி கை கொடுத்தாள்.

சிக் லீவு கேட்டான். சிக் குழந்தைதான், நீங்கள் இல்லை என்று வந்தது. பிறக்காத குழந்தை எப்படிச் சிக் ஆகும் என்று அவன் திருப்பிக் கேட்கவில்லை. வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன் என்றான். ஆஸ்பத்திரி வீடாகாது என்று வந்தது. ஒரு வாரம் வேலைக்கும் ஆஸ்பத்திரிக்குமாக ஓடினான். ஓடியதில் பாதி டிராஃபிக்கில் நின்றது. மார்புக்கு நேரமே கிடைக்கவில்லை. பகலெல்லாம் பெட்டி மணியடித்தது. “உள்ளங்கால் செவந்து போச்சுப்பா” என்றார் லாயிட். அவ்வளவுதான்.

அன்றைக்குத்தான் கம்பெனி சகி என்று ஒன்றைக் கொண்டுவந்திருந்தது. லீவு மனுக்களை மனிதர்கள் படித்துத் தவறு செய்வதால், இனிமேல் செயற்கை அறிவே படித்து முடிவு செய்யும் என்று அறிவிப்பு. ஊரில் எல்லாக் கம்பெனியும் ஒன்று வைத்துவிட்டது. இவர்கள் மட்டும் வைக்காவிட்டால் நன்றாயிராது.

கிரணுக்கு நம்பிக்கை இல்லை. இருந்தாலும் லாயிட், டாக்டரிடம் சொல்லி எழுதி வாங்கிக் கொடுத்த புதுச் சீட்டைச் சகிக்கு அனுப்பினான். ‘பி/ஓ ரூபினிக்குக் கிரண் தினமும் கங்காரு கேர் தர வேண்டும், உடனடியாக’ என்று இருந்தது. சகி ஒரு போட்டோ கேட்டது. மார்புப் பையிலிருந்து ஒரு குல்லாவும் ஒரு குட்டிக் காலும் மட்டும் தெரிகிற போட்டோவை அனுப்பினான். கண் மூடித் திறப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

உங்கள் இல்லத்திற்கு வந்திருக்கும் கங்காருவுக்குச் சகியின் வாழ்த்துகள். செல்லப்பிராணி விடுப்பு அனுமதிக்கப்பட்டது. பிராணி புது இடத்துக்குப் பழகும் வரை நீட்டித்துக்கொள்ளலாம்.

கம்பெனியில் அப்படி ஒரு லீவு இருந்தது. நாய்க்குட்டி வாங்குகிறவர்களுக்காக, போன வருஷம் பேஷனாக இருந்தபோது வைத்தது. முன்கூட்டி மனு வேண்டாம். நாய்க்கு வயது வரம்பும் கிடையாது.

கிரண் நேர்மையானவன். நேரே பார்கவியிடம் போய்த் தப்பு நடந்துவிட்டதென்றான். பார்கவி கதவைச் சாத்தினாள். அவளுக்கும் வீட்டில் ஒரு பிள்ளை உண்டு.

“சகி சொன்னதை மனுஷங்க மாத்த முடியாது. ஆனா அது குழந்தைன்னு நீங்க எழுதிக் குடுத்தா அதுவே கேன்சல் பண்ணிடும். சொல்லுங்க கிரண். அது என்ன?”

கிரண் சிவந்துபோன உள்ளங்காலை நினைத்தான்.

“கங்காரு மேடம்” என்றான்.

மறுநாளிலிருந்து பகலெல்லாம் சட்டையில்லாமல் சாய்ந்திருந்தான். பெட்டி வாயை மூடிக்கொண்டது. பி/ஓ ரூபினி அப்பன் மார்பில் கன்னத்தை அழுத்திக்கொண்டு, ஏறினால் ஏறி இறங்கினால் இறங்கி, மூச்சு விடும் தொழிலைக் கற்றுக்கொண்டது. எடை கூடிற்று. மேல் மாடியில் ரூபினி எழுந்து உட்கார்ந்தாள். லாயிட் ஒரு தடவை சிரித்தார் என்று சொல்கிறார்கள். கிரண் பார்க்கவில்லை, தூங்கிவிட்டான்.

கம்பெனி மட்டும் சும்மா இருக்கவில்லை. வீட்டுக்கு ஒரு கூடை வந்தது. உள்ளே கழுத்துப்பட்டை, தண்ணீர்க் கிண்ணம், கடிக்க ஒரு ரப்பர் எலும்பு. தடுப்பூசி போட்டாயிற்றா என்று விசாரித்தார்கள். போட்டாயிற்று, பி.சி.ஜி. என்றான். திருப்தியடைந்தார்கள். கஸ்தூரிரங்கனே வீடியோவில் கூப்பிட்டார்.

“லீவைப் பத்திக் கவலைப்படாதீங்க கிரண். வாயில்லா ஜீவன். தாய்ச் சூடு இல்லாம எப்படி இருக்கும்? எவ்வளவு நாள் வேணும்னாலும் எடுத்துக்குங்க. பேரு என்ன வெச்சிருக்கீங்க?”

கிரணுக்கு நாக்கில் வந்தது அந்தக் காலில் கட்டிய பட்டைதான். “பியோரூபினி சார்.”

“பியோரூபினி” என்று சொல்லிப் பார்த்தார் கஸ்தூரிரங்கன். “நல்ல ஆஸ்திரேலியப் பேர்.”

ஜூலைக் கடைசி வந்தது. அதற்கு முன்பே பையனை வீட்டுக்குக் கொண்டுவந்து, விக்கி என்று பெயரும் வைத்திருந்தார்கள். சொன்ன தேதியில் சகி வாழ்த்து அனுப்பியது. இன்று தங்களுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. கூடவே இன்னொரு வருத்தச் செய்தி. வீட்டில் காட்டு விலங்கு உள்ளபோது பச்சைக் குழந்தை வருவது பாதுகாப்பு விதிகளுக்கு முரணானது. இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம். விருப்பப்பட்டால் கங்காருவின் சுபாவம் தெரியும் வரை குழந்தையை உறவினர் வீட்டில் விட்டுவைக்கலாம்.

கிரண் இரண்டையும் எடை போட்டுப் பார்த்தான். குழந்தைக்கு ஐந்து நாள் லீவு, ஆயுளில் ஒரு தடவை. கங்காருவுக்கு வருஷா வருஷம் பிறந்தநாள் லீவு, டாக்டரிடம் காட்ட லீவு, மனச்சோர்வு வந்தால் தனி லீவு.

கங்காருவையே வைத்துக்கொண்டான்.

சேதி மெல்லப் பரவியது. அந்த வருஷம் கம்பெனியில் கிரணோடு சேர்த்துப் பதினொரு பேர் வீட்டில் கங்காரு பிறந்தது. கங்காருக்களிடம் இவ்வளவு பிரியமான ஆபீஸ் ஊரிலேயே இல்லை என்று கஸ்தூரிரங்கன் ஒரு விருதும் வாங்கி வந்தார்.

ஜனவரியில் செல்லப்பிராணித் திருவிழா வைத்தார்கள். எல்லாரும் தங்கள் பிராணியை ஆபீசுக்குக் கொண்டுவர வேண்டும். கிரண் வெலவெலத்துப் போனான். சின்னப்பா அசரவில்லை. காவி நிறத்தில் வெல்வெட் துணி வெட்டி, தூக்கிய காது வைத்து, வயிற்றில் பை வைத்து, ஒரே நாளில் தைத்துவிட்டார். விக்கிக்கு அப்போது எட்டு மாதம். திருத்தினால் ஆறு. கொழுகொழுவென்று உட்காருவான்.

கூட்டத்தில் நாய்கள் இருந்தன, பூனைகள் இருந்தன, காது வைத்த பதினொரு கங்காருக்கள் பால் புட்டியோடு இருந்தன. எல்லாரும் எல்லாரையும் பார்த்தார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் எல்லாருடைய லீவும் போய்விடும்.

கஸ்தூரிரங்கன் பியோரூபினியைத் தூக்கினார். அது அவர் விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. விடவில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“என்ன அறிவு பாத்தீங்களா பார்கவி” என்றார். “மனுஷக் குழந்தை மாதிரியே பிடிக்குது.”

பார்கவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

முதல் பரிசு கஸ்தூரிரங்கனின் நாய்க்குப் போயிற்று. இரண்டாம் பரிசு பியோரூபினிக்கு. கிரண் ஒரு கையில் பையனும் ஒரு கையில் கோப்பையுமாக வீடு வந்து சேர்ந்தான். வழியெல்லாம் மனசு உறுத்தியது. பெற்ற பிள்ளையை நாய்களோடு உட்கார வைத்துவிட்டு வந்திருக்கிறோம், ரூபினி என்ன சொல்வாளோ என்று இருந்தது.

ரூபினி கோப்பையை வாங்கிப் படித்தாள். முகம் சிவந்துவிட்டது.

“ரெண்டாவதா?” என்றாள். “ஏன், அந்த நாயை விட நம்ம புள்ள எதுல கம்மி?”

“வால் இல்லைன்னு மார்க்கைக் குறைச்சுட்டாங்க” என்றான் கிரண்.

மூலையில் உட்கார்ந்திருந்த சின்னப்பா எழுந்து போய் அளவு டேப்பை எடுத்து வந்தார்.

“மாப்ளே, பையனைக் கொஞ்சம் திருப்பிப் பிடி” என்றார்.