ஒண்ணு வரலை, சார்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கு அறுவை சிகிச்சையின் வரலாறு இரண்டாகப் பிரிந்தது. பிரித்தவர் என் தங்கையின் கணவர். அப்போது அவர் வாயில் பல் துலக்கும் பிரஷ் இருந்தது.

"இன்னியோட வேலையை விட்டுடறேன்," என்றார்.

"கொப்புளிச்சிட்டுச் சொல்லுங்க," என்றாள் தங்கை. சீருடையின் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

கொப்புளித்துவிட்டு அதையே சொன்னார். மகான்கள் சொல் மாறுவதில்லை. நான் அங்கே இருந்ததால் சாட்சி சொல்ல முடிகிறது. எனக்கு அப்போது வேலை இல்லை. அதனால் பெரும்பாலும் அங்கேதான் இருந்தேன்.

மாப்பிள்ளை எறும்பு விஞ்ஞானி. பத்தொன்பது ஆண்டுகள் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டவர். வெளியே போன எறும்புகளில் எத்தனை திரும்பி வரவில்லை என்பது புற்றுக்குத் தெரியுமா? பத்தொன்பதாம் ஆண்டின் இறுதியில் விடை கிடைத்தது. தெரிந்திருக்கலாம். இந்த விடையை நூற்றுப் பதினான்கு பக்கங்களில் வெளியிட்டார். ஆராய்ச்சி நிலையம் பாராட்டி, ஜன்னல் வைத்த அறை ஒன்று கொடுத்தது.

தங்கை ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். அவள் வேலை எண்ணுவது. வயிற்றைத் திறப்பதற்கு முன் கருவிகளை எண்ணுவாள். மூடுவதற்கு முன் மறுபடியும் எண்ணுவாள். இரண்டும் ஒத்துப்போனால்தான் சர்ஜன் தைக்கலாம். குறைந்தால், "ஒண்ணு வரலை, சார்," என்பாள். கையில் ஊசியோடு எல்லோரும் நிற்க வேண்டும். பதினாறு வருடத்தில் நாற்பத்தோரு தடவை அப்படிச் சொல்லியிருக்கிறாள். முப்பத்தெட்டு தடவை தரையிலோ துணி மடிப்பிலோ கிடைத்தது. மூன்று தடவை வயிற்றில் கிடைத்தது.

வரலாறு பிரிவதற்கு முந்தைய நாள் ஓர் இடுக்கி நாற்பது நிமிடம் அகப்படவில்லை. பெரிய சர்ஜன் கத்தினார். இவளும் விடவில்லை. கடைசியில் நோயாளியின் முழங்காலுக்கு அடியிலிருந்து எடுத்தார்கள். வீட்டுக்கு வந்தபோது அவளுக்குக் குரலே இல்லை.

"இதை எறும்புப் புற்று சொல்லிடுமே," என்றார் மாப்பிள்ளை. கொஞ்சம் யோசித்து, "சொல்லலாம்," என்று திருத்திக்கொண்டார்.

இப்படித்தான் மனைவிமீது கொண்ட பரிதாபம் மருத்துவ உலகுக்குப் பயன்பட்டது.

எட்டு மாதத்தில், கருவிகளை அடுக்கிவைக்கும் தட்டு ஒன்று தயார். ஒவ்வொரு கத்தரியிலும் இடுக்கியிலும் எள் அளவு ஒரு மின்னணுச் சில்லு. தட்டுக்குத் தன் பிள்ளைகளை எல்லாம் தெரியும். எது போனது, எது திரும்பியது என்று கணக்கு வைத்திருக்கும். மூடும் நேரத்தில் ஒன்று குறைந்தால் குரல் கொடுக்கும். யார் குரல் என்பதில் மாப்பிள்ளைக்குச் சந்தேகமே வரவில்லை. தங்கையைச் சமையலறையில் நிறுத்தி, ஃபிரிட்ஜை அணைத்துவிட்டுப் பதிவு செய்தார்.

"ஒண்ணு வரலை, சார்."

"இன்னும் கொஞ்சம் சத்தமா."

"நான் அங்க இவ்வளவு சத்தமாத்தாங்க சொல்வேன்."

"அதான் திட்டு வாங்கறே."

பெயர் வைக்கும் கட்டத்தில்தான் என்னைக் கூப்பிட்டார்கள். மாப்பிள்ளை 'புற்று' என்று வைத்திருந்தார். ஆஸ்பத்திரிக்குள் அந்தப் பெயரோடு ஒரு பொருளை விற்ற மனிதன் இதுவரை பிறக்கவில்லை என்று விளக்கினேன். அன்றே நான் சந்தைப் பிரிவுத் தலைவரானேன். பிரிவில் வேறு யாரும் இல்லாததால் போட்டி கடுமையாக இல்லை. பெயரை 'காவலன்' என்று மாற்றினேன்.

முதல் செயல்விளக்கம் தங்கையின் ஆஸ்பத்திரியிலேயே நடந்தது. கூட்ட அறை. நீள மேஜை. ஆறு சர்ஜன்கள், நிர்வாக அதிகாரி, பிஸ்கெட். மனித வயிற்றுக்குப் பதிலாக ஒரு சோபாத் தலையணை. மாப்பிள்ளை அதைக் கிழித்தார், இருபத்திரண்டு கருவிகளையும் பயன்படுத்தினார், ஓர் இடுக்கியைப் பஞ்சுக்குள் விட்டுவிட்டுத் தைக்கப் போனார்.

"ஒண்ணு வரலை, சார்," என்றது தட்டு.

பிழையே இல்லாமல் வேலை செய்தது. நான் பயந்ததும் அதற்குத்தான்.

பெரிய சர்ஜன் பிஸ்கெட்டைக் கீழே வைத்தார். "நாங்க உள்ள விட்டுட்டுத் தைக்கிறோம்னு சொல்ல வர்றீங்களா?"

"இல்லவே இல்லை சார்," என்றேன்.

"விடறதில்லைன்னா இது எதுக்கு?"

"விட்டா..." என்று மாப்பிள்ளை ஆரம்பித்தார்.

"விட்டா? அப்ப விடறோம்கிறீங்க."

"உலகம் பூராவும் சிலசமயம்..."

"உலகத்துக்கே போய் வித்துக்கோங்க. காவலனாம்! நாங்க என்ன திருடனுங்களா?"

நிர்வாக அதிகாரி மென்மையானவர். தட்டு ஒவ்வொரு தடவை குரல் கொடுத்ததையும் தேதி போட்டுச் சேமித்துவைக்குமா என்று விசாரித்தார். மாப்பிள்ளை பெருமையோடு, "பத்து வருஷத்துக்கு அழியாது," என்றார். ஆறு சர்ஜன்களும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள்.

விஞ்ஞானி கண்டுபிடித்ததோடு நின்றுவிடுவான். அதை வாங்கத் தக்கதாக ஆக்குவதற்கு வேறு ஒருவன் வேண்டும். அடக்கம் கருதி அவன் யார் என்று சொல்லவில்லை. முதலில் சேமிப்பை எடுத்தேன். தட்டு இனிமேல் கடைசி ஆபரேஷனை மட்டும் நினைவில் வைத்திருக்கும். அடுத்ததற்கு ஆன் செய்ததும் மறந்துவிடும். 'தனிமனித உரிமைக்கு மதிப்பு' என்று விளம்பரத் தாளில் போட்டேன். பெயரை 'தோழன்' என்று மாற்றினேன். குரலைத் தாழ்த்தினேன். அப்படியும் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது என்றார்கள். குரலை எடுத்துவிட்டுச் சிவப்பு விளக்கு வைத்தேன். சிவப்பு பதற்றத்தைக் கொடுக்கிறது என்றார்கள்.

பச்சை வைத்தேன்.

"பச்சை எப்ப எரியும்?" என்று கேட்டார் மாப்பிள்ளை.

"தட்டை ஆன் பண்ணினா எரியும்."

"ஒண்ணு குறைஞ்சா?"

"அப்பவும் தட்டு ஆன்லதானே இருக்கு?"

"அப்ப கணக்கு?"

"கணக்கை நிறுத்தலை மாப்பிள்ளை. உங்க விஞ்ஞானத்துல நான் கை வைப்பேனா? அதுக்கு எல்லாம் தெரியும். வெளியே சொல்லாது. அவ்வளவுதான்."

"தெரிஞ்சும் சொல்லாம இருக்குமா?"

"நீங்க ஆபீஸ்ல வேலை பார்த்ததே இல்லையா?"

இதற்கு 'அமைதி நிலை' என்று பெயர். முதலில் அதை மாற்றிப் பழைய குரலைத் திரும்பக் கொண்டுவர ஒரு பொத்தான் இருந்தது. யாராவது ஒரு நர்ஸ் அமுக்கிவிடுவாளோ என்று சர்ஜன்கள் கவலைப்பட்டார்கள். பொத்தானை எடுத்துவிட்டு நான்கு இலக்க எண் வைத்தேன். எண் ஒருவருக்கு மட்டும் தெரியும். மாப்பிள்ளையிடம் சொல்லவில்லை. யாராவது கேட்டால் சொல்லிவிடக்கூடிய குணம் அவருக்கு.

நாற்பது தட்டுகள் விற்றன. பதினோரு ஆஸ்பத்திரிகள். பெரிய சர்ஜனே நற்சான்று எழுதிக் கொடுத்தார்: 'இதை வாங்கிய நாளிலிருந்து ஒரு கருவிகூடக் குறைந்ததில்லை.'

தங்கையின் ஆஸ்பத்திரி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. நான் படித்த ஆவணங்களிலேயே அழகானது அது. 'தோழன் வந்துவிட்டபடியால் கையால் எண்ணுவது இரட்டை வேலையாகிறது. ஒரு ஆபரேஷனுக்குப் பன்னிரண்டு நிமிடம் மிச்சமாகிறது. எனவே எண்ணும் பொறுப்பு இன்றுமுதல் நிறுத்திவைக்கப்படுகிறது. இதுவரை எண்ணியவருக்கு நன்றி.' அவளைக் கருவி கழுவும் அறைக்கு மாற்றினார்கள்.

"உனக்கு ஓய்வுதானே? இனிமே தொண்டை கட்டாது," என்றேன்.

"என்னைத் தூக்கினதுல எனக்கு வருத்தம் இல்லைண்ணா. இப்ப அங்க யார் எண்ணறாங்க?"

"தட்டு எண்ணுதும்மா."

"எண்ணினா சொல்லணுமே."

அவளுக்குத் தொழில்நுட்பத்தின் நுட்பம் பிடிபடவில்லை.

போன வியாழக்கிழமை எங்கள் நிறுவனத்தின் பொன்னான நாள். ஓட்டல் அரங்கில் இருபத்தாறு ஆஸ்பத்திரி நிர்வாகிகள். மேடையில் மாப்பிள்ளை. கோட்டு வாடகைக்கு எடுத்தது, கை கொஞ்சம் நீளம். எறும்புகளைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தார். குறைந்தது இருபது நிமிடம் ஆகும். முன்வரிசையிலிருந்து ஒருவர் என் பக்கம் சாய்ந்தார். "இதுவரைக்கும் ஒரு புகாராவது வந்திருக்கா?"

"ஒண்ணுகூட இல்லை," என்றேன்.

போன் அதிர்ந்தது. தங்கை. எடுத்துக்கொண்டு நடைவழிக்கு வந்தேன்.

"அண்ணா, காலைல முதல் கேஸ். கழுவ வந்ததுல இருபத்தொண்ணுதான் இருக்கு."

"நீ ஏன் எண்ணினே?"

"கை சும்மா இருக்கமாட்டேங்குது. மூணு தடவை எண்ணிட்டேன். ஒரு இடுக்கி இல்லை. தியேட்டர் தரையிலயும் தேடிட்டேன், துணிக்கூடையிலயும் தேடிட்டேன்."

"நோயாளி?"

"பித்தப்பைக் கல்லு. ஒரு அம்மா, தையல் கடை வச்சிருக்காங்க. வயித்தைத் தைச்சு வார்டுக்கு அனுப்பிட்டாங்க. எக்ஸ்ரே எடுக்கணும்னு பெரிய சர்ஜன்கிட்ட சொன்னேன். பச்சை எரிஞ்சுதேங்கிறார். கழுவுற எடத்துல நீதான் தொலைச்சிருக்கேங்கிறார். மெமோ வரும்னு சொல்லிட்டுப் போயிட்டார்."

"சரி, பதற்றப்படாதே."

"நான் பதறலை. தட்டு என் மடிலதான் இருக்கு. அதுக்குத்தான் தெரியுமே, இடுக்கி தியேட்டரை விட்டு வந்துதா இல்லையான்னு. அடுத்த கேஸுக்குத் தட்டு வேணும்னு கதவைத் தட்டுறாங்க. கொடுத்துட்டா ஆன் பண்ணுவாங்க. பண்ணினா மறந்துடும். உள்ளே தாப்பாள் போட்டிருக்கேன். நம்பரைச் சொல்லுங்க. அது வாயைத் திறந்துட்டா எக்ஸ்ரே எடுக்காம இருக்கமுடியாது."

நான்கு இலக்கம். சொல்ல இரண்டு விநாடி ஆகும். சொன்னால் எங்கள் தட்டு, எங்கள் முதல் வாடிக்கையாளரின் ஆஸ்பத்திரியில், எங்கள் பெயர் பொறித்தபடி, பெரிய சர்ஜன் முகத்துக்கு நேரே பேசும். இருபத்தாறு பேரும் மதியச் சாப்பாட்டுக்கு முன் கேள்விப்படுவார்கள். அரங்கில் மாப்பிள்ளையின் குரல் கேட்டது. "வராம போன எறும்புக்காகப் புற்று என்ன செய்யும்னு நினைக்கிறீங்க?" யாரோ சிரித்தார்கள்.

"ஒரு பத்து நிமிஷம் கொடும்மா," என்றேன். "பெரியவர்கிட்ட நான் பக்குவமாப் பேசறேன். இதை எடுத்த எடுப்புல சொல்லக்கூடாது. ஒரு கடிதம், அப்புறம் ஒரு சின்னக் கமிட்டி..."

"கதவை உடைச்சிடுவாங்க போலிருக்குண்ணா."

"கடைசி நேரத்துல நம்பர் மாத்தினேன். பார்க்கணும். கைல இல்லை."

மறுமுனையில் கதவு இடிபடும் சத்தம். உலோகத்தில் உலோகம் உரசியது. அவள் தட்டை அணைத்துப் பிடித்திருக்க வேண்டும். மூச்சு விடுவது கேட்டது. பிறகு நிதானமாகப் பேசினாள். தியேட்டரில் பேசுகிற குரல்.

"சரிண்ணா. நம்பர் வேண்டாம். கதவைத் திறந்துடறேன். வெளியே அந்தம்மாவோட வீட்டுக்காரர் நிக்கிறார், காலைல இருந்து யாரும் அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. போனை அவர்கிட்ட கொடுக்கறேன். எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுன்னு நீங்களே சொல்லிடறீங்களா?"